உன் அம்மாவின் கோப்பையில் நான் கண்டதாகச் சொன்னவை

அன்பு மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. செப்டம்பரில் உனக்கும் லேயாவுக்கும் கல்யாணம். லேயாவின் வீட்டு ஆட்களுக்கு நம்முடைய சாப்பாடு, மேளம் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டாய். அதோடு மண்டபத்தின் மூலையில் ஒரு மேசை போட்டு, நான் அதில் இருந்துகொண்டு, வருகிறவர்களுக்குத் தேயிலைக் கோப்பை பார்த்துப் பலன் சொல்ல வேண்டும் என்று கேட்டாய். "லேயாவின்ரை அன்ரிமார் கேட்டுக்கொண்டே இருக்கினம் அப்பா. சும்மா பகிடிக்குத்தானே" என்றாய். எனக்கு அது மறந்துபோய்விட்டது என்றேன். "வருசக்கணக்கா அம்மாவுக்குப் பார்த்தனீங்கள். எப்பிடி மறக்கும்?" என்று கேட்டாய். அடுப்பில் சோறு கிடக்கிறது, பிறகு கதைப்போம் என்றேன். "அம்மாவும் அப்பிடித்தான், நீங்களும் அப்பிடித்தான். என்ரை நல்ல நாளெண்டால் உங்களுக்கு ஒரு சாட்டு வந்திடும்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாய்.

அன்றிலிருந்து நாலு நாளாக அந்தக் கடைசிச் சொல்லோடு இருக்கிறேன். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. ஆனால் இனி யாருடைய கோப்பையையும் பார்க்க மாட்டேன். ஏன் என்பதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, தொலைபேசியிலும் சொல்ல முடியாது. நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பத்தாம் வகுப்புவரை போனவன். அம்மா உன்னை இழுத்துக்கொண்டு போனாள் என்பதே உண்மை. அந்தத் தமிழை நம்பித்தான் எழுதுகிறேன். ஆறுதலாகப் படி. முடித்துவிட்டு உடனே எனக்கு எதுவும் எழுத வேண்டாம்.

நான் அந்தப் பழக்கத்தைப் பிடித்த கதையிலிருந்து தொடங்குகிறேன். அப்போது நாங்கள் குடியேறிய ஆரா நகரில், அதன் பழைய பகுதிக்குள் இருந்த ஒரு சிறிய உணவகத்தில் சமையல் வேலை செய்தேன். நீ சின்னவனாக இருந்தபோது பின்கதவால் வந்து கேக் துண்டு வாங்கிக்கொண்டு போன இடம்தான். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு முடியும், பின்னேர வேலை ஐந்து மணிக்குத் தொடங்கும். நடுவில் வரும் அந்த மூன்று மணி நேரத்தை இங்கே சிம்மர்ஷ்டுண்ட என்பார்கள். பஸ் ஏறி வீட்டுக்கு வந்து முகம் கழுவித் திரும்புவதற்குள் அது முடிந்துவிடும் என்பதால், நான் பெரும்பாலும் கடையிலேயே இருந்துவிடுவேன். அந்த நேரத்தில் வேலையில் இருந்தவள் வ்ரேனி. மேசைகளுக்குப் பரிமாறுகிறவள், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். இளவயதில் ஸ்கொட்லாந்தில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்யப் போயிருக்கிறாள். அங்கே கூட வேலை செய்த பெண்களிடம் கோப்பை பார்க்கப் பழகிக்கொண்டு வந்தாள். பிற்பகலில் நாலைந்து பேர்தான் கடையில் இருப்பார்கள். அவர்களில் யாராவது கேட்டால், வடிகட்டாமல் தேநீர் ஊற்றிக் கொடுத்து, குடித்து முடித்ததும் பக்கத்தில் போய் உட்காருவாள்.

எனக்குச் சாத்திரத்தில் அக்கறை இருக்கவில்லை. இந்த நாட்டு மொழியான டொச் கதைக்கத்தான் ஆசைப்பட்டேன். இருபது வருடம் இந்த நாட்டுச் சமையலறைகளில் நின்றும், சட்டி, கத்தி, கெதியாக என்பவற்றைத் தாண்டி எனக்கு டொச் வரவில்லை. உன் பள்ளிக்கூட வாத்தியாரிடம் போனால் நீயே எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாய், அதிலும் உனக்கு வேண்டியதை மட்டும். வ்ரேனியின் மேசையில் நான் கண்டது, கோப்பையைக் கையில் வைத்திருக்கிறவரோடு எந்த மனிதரும் மனம்விட்டுக் கதைக்கிறார்கள் என்பதை. எனக்கும் சொல்லித் தா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, ஒரு கொப்பியை வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள்.

உள்ளே வெள்ளையாக, வாய் அகலமான கோப்பையாக இருக்க வேண்டும். பைத் தேயிலை கூடாது, இலைத் தேயிலை. ஒரு கரண்டி அளவு தேநீர் மிஞ்சும்வரை குடித்துவிட்டு, இடது கையால் மூன்று முறை சுழற்றி, தட்டில் கவிழ்த்துவிட்டு, தண்ணீர் வடியும்வரை பொறுக்க வேண்டும். நிமிர்த்திப் பார்த்தால் ஈர இலைகள் அங்குமிங்குமாக ஒட்டியிருக்கும். கைப்பிடிதான் குடித்தவருடைய வீடு. விளிம்புக்குக் கிட்ட இருப்பது நாட்கணக்கில் நடக்கும், அடியில் கிடப்பது வருடக்கணக்கில். பறவை என்றால் செய்தி, கப்பல் என்றால் பயணம், மோதிரம் என்றால் கல்யாணம். இவை எல்லாவற்றையும் வ்ரேனி கொப்பியில் படமாகக் கீறித் தந்தாள், நான் பக்கத்தில் தமிழில் எழுதினேன். ஆனால் எனக்கு எதுவும் தெரியவில்லை. முதல் இரண்டு மாதம் எல்லாக் கோப்பையிலும் எனக்குச் சைக்கிள்தான் தெரிந்தது. சைக்கிளுக்கு என்ன பலன் என்று கேட்டால், ஸ்கொட்லாந்துப் பெண்கள் சைக்கிளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பாள்.

ஒருநாள் ஒரு வயதான பெண் வந்தாள். வ்ரேனி கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இங்கே ஒரு நாய் இருக்கிறது, உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றாள். அந்தப் பெண் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கதைத்தாள். போகும்போது வ்ரேனியைக் கட்டிப்பிடித்தாள். அவள் போனபின் நான் கோப்பையை எடுத்துப் பார்த்தேன். நாய் எங்கே என்று கேட்டேன். "நாய் அவளுடைய கோட்டில் இருந்தது. முடி ஒட்டியிருந்ததே, நீ பார்க்கவில்லையா? ஆனால் கையில் நாய்க்கயிறு இல்லை, வாசலில் நாயும் இல்லை" என்றாள். அதுதான் அவள் எனக்குச் சொல்லித் தந்த தொழில். ஒரு கண்ணால் இலையைப் பார், மற்றக் கண்ணால் முகத்தைப் பார். ஒரு சொல்லைப் போட்டுவிட்டுக் காத்திரு. மிச்சத்தை அவர்களே சொல்லுவார்கள்.

எனக்கு அது மெல்ல மெல்ல வந்தது. டொச்சும் வந்தது. அடுத்த வருடம் அவளுக்கு லீவு நாட்களில் நானே ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் இருந்து பார்த்தேன். அப்போது வ்ரேனி ஒரு விஷயம் சொன்னாள். "வீட்டில் பார்க்காதே. இங்கே வருகிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள். வீட்டில் இருக்கிறவர்கள் நீ சொன்னதை வைத்துக்கொண்டு வாழவேண்டி வரும்" என்றாள். நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

உன் குகன் மாமாவை நீ நேரில் கண்டதில்லை. அவர் பிறந்த வருடமே அவர்களுடைய தாய் இறந்துபோனார். உன் அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள்தான் தம்பியை வளர்த்தாள். அவன் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டான், காய்ச்சல் வந்தால் மட்டும் அம்மா என்பானாம். இதை அவள் எனக்குச் சொன்னது கல்யாணமாகிப் பத்து வருடத்துக்குப் பிறகு. சண்டையின் கடைசி மாதங்களில் அவன் வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். இரண்டு மூன்று கிழமைக்கு ஒருக்கால் எங்கிருந்தாவது தொலைபேசி எடுப்பான். கடைசியாக எடுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். சத்தம் தெளிவில்லாமல் வந்தது. "அக்கா, வீட்டு நம்பரை மாத்திப்போடாதேங்கோ. எங்கை இருந்தெண்டாலும் நான் எடுப்பன்" என்றான். அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை. சண்டை முடிந்தது. முகாம்களில் இருந்தவர்களின் பெயர்கள் வரத் தொடங்கின. உன் அம்மா எல்லாப் பட்டியலையும் பார்த்தாள். தெரிந்த எல்லோருக்கும் எடுத்தாள். காணாமல் போனவர்களைத் தேடுகிற இடங்களுக்கெல்லாம் படம் வைத்து எழுதினாள். எழுத எழுத அவள் சாப்பாடு குறைந்துகொண்டு போனது. பாடசாலைத் துப்புரவு வேலைக்குப் போய் வருவாள், குளிப்பாள், தொலைபேசிக்குப் பக்கத்தில் போய் இருப்பாள். உனக்கு அப்போது பதினாறு வயது, பாடனில் தொழிற்பயிற்சி தொடங்கிய வருடம்.

ஒரு ஞாயிறு பின்னேரம். கடையிலிருந்து கொண்டு வந்த இலைத் தேயிலையை ஊற்றி அவளுக்குக் கொடுத்தேன், எதையாவது குடிக்கட்டும் என்று. அவள் பாதி குடித்துவிட்டுக் கோப்பையை என் பக்கம் தள்ளினாள்.

"உங்களுக்கு இது பார்க்கத் தெரியுமாமே. பாருங்கோ."

"அது சும்மா விளையாட்டப்பா."

"பரவாயில்லை. பாருங்கோ."

சுழற்றிக் கவிழ்த்து நிமிர்த்தினேன். கைப்பிடிக்குக் கிட்ட ஒரு கட்டி ஒட்டியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. எனக்கு அதில் சைக்கிள்கூடத் தெரியவில்லை. நிமிர்ந்து அவளுடைய முகத்தைப் பார்த்தேன். வ்ரேனி பழக்கிய மாதிரித்தான் பார்த்தேன்.

"ஒரு ஆள் தெரியுது" என்றேன். "வீட்டுக்குக் கிட்ட. நிக்கிறார்."

"நிக்கிறாரோ? படுக்கேல்லையே?"

"இல்லை. நிக்கிறார்."

அவள் அந்தக் கட்டியைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். ஆறு கிழமைக்குப் பிறகு அன்றுதான் அவள் ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டதைக் கண்டேன். மகன், அந்த நிமிடத்தில் நான் அவளுக்குத் தீங்கு செய்வதாக எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் அந்த முதல் நாளுக்காக என்னை நான் கோபிக்கவில்லை. அவன் உயிரோடு இருக்கலாம் என்று நானும்தான் நம்பினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கோப்பை வரும். உனக்கு அது சந்தோஷமான நினைவாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீயும் எட்டிப் பார்த்து, எனக்குக் கோழி தெரியுது என்பாய், அம்மா சிரிப்பாள். நான் அவளுக்குச் சின்னச் சின்னதாகச் சொல்லுவேன். பாதை தெரியுது. மரம் தெரியுது, நிழலிலை இருக்கிறார். அவள் அதிலிருந்து மிச்சத்தைக் கட்டுவாள். மரமெண்டால் இந்தியாப் பக்கமா இருக்குமோ, படகிலை போயிருப்பானோ என்பாள். நான் மறுக்க மாட்டேன். அந்தக் கிழமை முழுக்க அது அவளுக்குப் போதும்.

மூன்றாவது வருடம், பேர்ன் பக்கம் பூம்ப்ளிஸில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். நீ வரவில்லை, பரீட்சை இருந்தது. சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஒரு இளம் ஆள் வந்து என் கையைப் பிடித்தான். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நீங்கள் குகன்ரை அத்தானோ?" என்று கேட்டான். ஓம் என்றேன். என்னை வெளியே கார்கள் நிற்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"குகன் கடைசிவரைக்கும் எங்களோடைதான் நிண்டவன் அத்தான். செல் விழுந்தது. உடனை முடிஞ்சுது, கஷ்டப்படேல்லை. நானும் இன்னொருத்தரும்தான் மண்ணிலை தாட்டனாங்கள். இவ்வளவு நாளும் உங்களை எங்கை தேடுறதெண்டு தெரியேல்லை. அக்கா உள்ளுக்கை இருக்கிறாவோ? சொல்லட்டே?"

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீர் சொல்லவேண்டாம் தம்பி. நானே ஆறுதலாச் சொல்லுறன்" என்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரியென்றான். நான் உள்ளே போனபோது அம்மா எனக்கும் ஒரு தட்டில் சாப்பாடு வாங்கி வைத்துக்கொண்டு நின்றாள். "ஆரது?" என்று கேட்டாள். முந்தி வேலை செய்த இடத்தில் தெரிந்த ஆள் என்றேன்.

பேர்னிலிருந்து ஆராவுக்கு ரயில் முக்கால் மணி நேரம். புறப்படும்போது, வழியில் ஒல்ட்டன் தாண்டினதும் சொல்லிவிடுவது என்று நினைத்தேன். ஒல்ட்டன் வந்தது. அவள் ஜன்னலோடு சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். எழுப்பிச் சொல்ல மனம் வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று போனது. அடுத்த நாள் ஞாயிறு. அவள் கோப்பையைத் தள்ளினாள். நான் அதில் ஒரு கப்பல் தெரிகிறது என்றேன்.

இதுதான் நான் செய்த குற்றம். முன்னர் சொன்னவை ஆசையில் சொன்னவை. அன்றைக்குச் சொன்னது, அவன் மண்ணுக்குள் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு சொன்ன பொய். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சொன்னேன். ஒரு கிழமை சொல்லிவிட்டால் அடுத்த கிழமை உண்மையைச் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டமாகிவிடுகிறது. அவள் கேட்பாளே, அப்போ போன கிழமை என்ன பார்த்தனீங்கள் என்று.

அடுத்த வருடம் உன் தொழிற்பயிற்சி முடிந்தது. வியாழக்கிழமை பின்னேரம் பாடனில் சான்றிதழ் கொடுக்கிற விழா. அதற்கு முந்திய ஞாயிறு அம்மா கோப்பையை வைத்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு காலமெண்டு பாருங்கோ" என்று கேட்டாள். நான் களைத்துப்போய் இருந்தேன். எப்படியாவது அந்தப் பேச்சு முடிந்தால் போதும் என்றிருந்தது. "பறவை விளிம்பிலை நிக்குது. இந்தக் கிழமைக்குள்ளை ஒரு செய்தி வரும்" என்றேன். வியாழக்கிழமையை நான் யோசிக்கவில்லை.

அன்றைக்கு அவள் ஊதா நிறச் சேலையை அழுத்திக் கட்டிலில் விரித்து வைத்திருந்தாள். தலைக்கு முழுகியிருந்தாள். புறப்பட அரைமணி நேரம் இருக்கும்போது தொலைபேசிக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.

"நீங்கள் போங்கோ. நான் இல்லாத நேரம் அவன் எடுத்தால்?"

"எடுத்தால் திரும்பியும் எடுப்பான்தானே."

"ஒருக்கால்தான் எடுக்க விடுவாங்களோ என்னவோ. இந்தக் கிழமை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பிள்ளைக்கு எனக்குத் தலையிடி எண்டு சொல்லுங்கோ."

நான் சேட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு நின்றேன். அந்த இடத்தில் நான் வாய் திறந்திருந்தால் அவள் உன் விழாவுக்கு வந்திருக்கமாட்டாள்தான், தம்பிக்காக அழுதுகொண்டு இருந்திருப்பாள். ஆனால் நீ வீட்டுக்கு ஓடி வந்திருப்பாய். அம்மாவின் பக்கத்தில் இருந்திருப்பாய். உனக்கும் அவளுக்கும் இடையில் ஒன்றும் முறிந்திருக்காது. நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி இறங்கிப் போனேன். நீ மேடையில் நின்று கூட்டத்தைத் தேடியதை நான் பார்த்தேன். என் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. பிறகு வெளியே வந்து அம்மா எங்கே என்று கேட்டாய். தலையிடி என்றேன். "கான்டிக்குப் போயிருந்தால் வந்திருப்பா" என்றாய். பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிற அந்தக் கான்டிப் பள்ளிக்கு நீ போகாமல் தொழில் படிக்கப் போனதில் அம்மாவுக்கு ஆரம்பத்தில் கவலை இருந்தது, உண்மை. அது ஒரு வருடத்திலேயே தீர்ந்துவிட்டது. பயிற்சியில் நீ முதன்முதலாகச் செய்துகொண்டு வந்த ஒரு சின்ன இரும்புச் சாமானை அவள் சாமித்தட்டில் வைத்திருந்தாள், உனக்கு அது தெரியாது. அப்படியில்லை மகன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஏன் வரவில்லை என்று நீ அடுத்துக் கேட்பாய் என்ற பயத்தில் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் நீ பாடனில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அதற்குப் பிறகு நீ எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வந்தாய்.

அந்தக் கல்யாணத்திலிருந்து உண்மை வெளியே வர ஆறு வருடம் எடுத்தது. பூம்ப்ளிஸில் கண்ட அந்தத் தம்பி கல்யாணம் செய்து ஆராவுக்கு வந்திருந்தான். அவனுடைய மனைவி தமிழ்க்கடையில் அம்மாவைச் சந்தித்துப் பழகியிருக்கிறாள். பேச்சோடு பேச்சாக, குகன் அண்ணையின்ரை திவசம் எந்த நாளிலை செய்யிறனீங்கள் அக்கா, இவர் ஒவ்வொரு வருசமும் கேட்கிறவர் என்று கேட்டுவிட்டாள். அம்மா வாங்கின மரக்கறியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். நான் அடுப்படியில் நின்றேன்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

எதைக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. "பூம்ப்ளிஸ் கலியாணத்திலை" என்றேன்.

அவள் விரலில் எண்ணினாள். "ஆறு வருசம்."

"ஓம்."

"ஆறு வருசமா அவனுக்கு நான் ஒரு பிடி சோறு வைக்கேல்லை. உயிரோடை இருக்கிறவனுக்கு வைக்கிறது கூடாதெண்டு, ஒரு அமாவாசைக்குக்கூட அவன்ரை பேரைச் சொல்லேல்லை."

"நான் உமக்காகத்தான்..."

"எனக்காக இல்லை. நான் அழுகிறதைப் பார்க்க உங்களுக்கு ஏலாது. அதுக்குத்தான்."

அவள் சொன்னது சரி. அவ்வளவு சரியாக என்னைப் பற்றி வேறு யாரும் சொன்னதில்லை. பிறகு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த நாள் அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போய், ஒரு பகல் முழுக்க இருந்து, அவன் சொன்னதெல்லாவற்றையும் கேட்டாள். நான் வெளியே பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். அவன் சொன்ன நாளை வைத்துப் பேர்ன் கோயிலில் ஐயரைக் கொண்டு செய்ய வேண்டியதைச் செய்தாள். உன்னைக் கூப்பிடுவோம், குகனுக்கு மருமகன்தானே என்று நான் கேட்டேன். "வேண்டாம். கூப்பிட்டால் ஏன் இவ்வளவு காலம் செய்யேல்லையெண்டு கேட்பான்" என்றாள். வீட்டுத் தொலைபேசியையும் அந்த மாதமே நிறுத்தினாள். பழைய நம்பர் ஏன் வேலை செய்யவில்லை என்று நீ கேட்டபோது, இனித் தேவையில்லை என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு நாங்கள் ஒரே வீட்டில்தான் இருந்தோம். சமைத்தாள், கதைத்தாள், எனக்குக் காய்ச்சல் வந்தால் பார்த்தாள். ஆனால் நான் எதைச் சொன்னாலும், மழை வரும் என்று சொன்னாலும், எழுந்து போய் ஜன்னலால் ஒருக்கால் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பாள்.

மூன்று வருடத்தில் அவளுக்குக் கணையத்தில் வருத்தம் வந்தது. கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் நீ வேலை முடிந்து நேராக வந்து அவளுடைய கட்டிலில் இருந்ததையும், காலைப் பிடித்துவிட்டதையும் நான் மறக்கவில்லை. ஒரு பின்னேரம் நீ கேட்டாய். "அம்மா, ஒண்டு கேக்கட்டே. என்ரை விழாவுக்கு ஏன் வரேல்லை? உண்மையைச் சொல்லுங்கோ, நான் கோவிக்கமாட்டன்." அவள் உன்னைப் பார்த்தாள். பிறகு உன் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அவள் எனக்கு நேரம் தந்தாள், மகன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் தந்தாள். நான் வாய் திறக்கவில்லை. அவள் திரும்பவும் உன்னைப் பார்த்து, "தலையிடி அப்பன், நல்ல தலையிடி" என்றாள். நீ காலைப் பிடித்துக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டாய். கொஞ்ச நேரத்தில் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போனாய்.

நீ போனபின் அவளிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர் என்று. "எனக்குப் பிறகு அவனுக்கு இந்த நாட்டிலை நீங்கள் ஒராள்தான். உங்களையும் நம்பாமல் போனால் அவன் ஆரிட்டைப் போவான்?" என்றாள். மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். பிறகு அவளாகவே இன்னொன்று சொன்னாள். குகனுடைய காரியம் முடிந்த அடுத்த கிழமை, வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் பாடனுக்குப் போயிருக்கிறாள். உன் விழா நடந்த மண்டபத்தைத் தேடிப் பிடித்திருக்கிறாள். பூட்டியிருந்ததாம். அங்கே துப்புரவு செய்துகொண்டிருந்த பெண்ணிடம், நானும் உன்னுடைய வேலைதான் செய்கிறேன், ஐந்து நிமிடம் உள்ளே விடு என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் திறந்து விட்டாளாம்.

"உள்ளுக்கை போய் என்ன செய்தனீர்?" என்று கேட்டேன்.

"இருந்தனான்" என்றாள். "கதிரையெல்லாம் அடுக்கிக் கிடந்தது. ஒண்டை எடுத்துப் போட்டிட்டு மேடையைப் பார்த்துக்கொண்டு இருந்தனான். அவன் எந்தப் பக்கத்தாலை ஏறியிருப்பான் எண்டு தெரியேல்லை. நீங்கள் போனனீங்கள்தானே. எந்தப் பக்கம்?"

இடது பக்கம் என்றேன். அது உண்மை. சாம்பல் நிறக் கோட் போட்டிருந்தாய், தலைமயிரைத் தண்ணி வைத்து வாரியிருந்தாய், பெயரைக் கூப்பிட்டதும் முதல் படியில் கொஞ்சம் தடுக்கினாய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் சொன்னதை அவள் சரிபார்க்கவில்லை. பதினொரு நாள் கழித்து இறந்துபோனாள்.

இதை நாலு வருடமாக உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். அவள் என்னைக் காப்பாற்றினாள் என்று சொல்லிக்கொண்டேன். அவள் காப்பாற்ற நினைத்தது உன்னை. நானோ அவள் தந்த மறைவில் சுகமாக இருந்துகொண்டேன். கல்யாணம் கட்டப் போகிறாய். லேயா அழுவதைப் பார்க்க முடியாத ஒரு நாள் உனக்கும் வரும். முடியாவிட்டால் எழுந்து வெளியே போ, ஆற்றோரமாக ஒரு சுற்று நடந்துவிட்டு வா. ஆனால் அவளுக்குச் சேரவேண்டிய செய்தியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போகாதே. அவள் எதைத் தாங்குவாள், எதைத் தாங்கமாட்டாள் என்று அவளுக்காக நீ முடிவு செய்யாதே. உன் அம்மா நான் நினைத்ததைவிடப் பத்து மடங்கு தாங்கினாள். நான்தான் தாங்கவில்லை.

கல்யாணத்துக்கு நான் வரவேண்டாம் என்று நீ நினைத்தால் அதையும் சொல். வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போகச் சொன்னாலும் வருவேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும். பன்னிரண்டு வருடமாக நீ அம்மாமேல் வைத்திருந்த கோபம் என்னுடையது. அதை அவளிடமிருந்து எடுத்து என்னிடம் தந்துவிடு.

அப்பா